கல்யாண ஹோலில் கிளீனா, டர்ட்டியா?

2025 மே 3

கேள்வி: நண்பனின் ரிசெப்ஷனுக்கு ரொறன்ரோ ஸ்காபரோவில் டிஜே செய்யப் போகிறேன். இதுவரை பேஸ்மென்ட் பார்ட்டிகள்தான் செய்திருக்கிறேன், இது 400 பேர் வரும் ஹோல். ராப் பாட்டுகளில் கெட்ட வார்த்தை வெட்டிய கிளீன் வெர்ஷன் போட்டால் பெடியள் சிரிப்பார்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறான். என்னைக் கேட்டால், பெரிய ஆட்களுக்கு எப்படியும் ஆங்கில ராப் விளங்காது, வெட்டாத டர்ட்டியே போடலாம். சரிதானே?

மே 3, இரவு

சரியில்லை தம்பி.

பெரிய ஆட்களுக்கு விளங்காது என்பது பழைய கதை. எண்பதுகளின் நடுவில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய பெடியள்தான் இன்றைக்கு மண்டபத்தில் முன் மேசையில் இருக்கும் மாமாமார். தொழிற்சாலையிலும் உணவகக் குசினியிலும் முப்பது வருசம் வேலை செய்தவர்கள். அந்த இடங்களில் ஒரு ஆள் முதலில் படிக்கும் ஆங்கிலமே நீ மறைக்க நினைக்கும் சொற்கள்தான். விளங்காதவர் அம்மம்மா ஒருவர்தான். அவர் சாப்பாடு முடிந்ததும் "எப்ப பிள்ளை வீட்ட போறது" என்று தொடங்கிவிடுவார்.

என் வழக்கம்: பதினொரு மணி வரை கிளீன். அதற்குப் பிறகு தளத்தில் நிற்பவர்களைப் பார்த்துத் தீர்மானம்.

மே 4

நேற்று அவசரத்தில் எழுதினேன். கிளீன் என்று ஒரே ஒரு சாமான் இருப்பதுபோல எல்லோரும் பேசுகிறோம், அதிலேயே பிழை இருக்கிறது.

ரெக்கார்ட் பூலில், அதாவது டிஜேமார் பாட்டு இறக்கும் இணையத் தளத்தில், ஒரு பாட்டை இறக்கினால் பெயருக்குப் பின்னால் கிளீன், டர்ட்டி, இன்ட்ரோ கிளீன், குவிக் ஹிட் டர்ட்டி என்று நாலைந்து ஃபைல் வரும். இதில் கிளீன் என்பது அமெரிக்க வானொலிக்காக வெட்டியது. அங்கே காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை வானொலியில் ஆபாசப் பேச்சுக்கு எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையம் அபராதம் போடலாம். அந்த அபராதத்தைத் தவிர்க்கத்தான் இந்த எடிட். எங்கள் கல்யாண ஹோலை நினைத்து யாரும் வெட்டவில்லை. அதனால் கிளீன் ஃபைலிலும் கஞ்சா இருக்கும், படுக்கை இருக்கும், துவக்கு இருக்கும். சொல்தான் போயிருக்கும், விஷயம் அப்படியே கிடக்கும்.

வெட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். சொல் வரும் இடத்தில் குரலை மட்டும் எடுத்துவிட்டு பீட்டை ஓடவிடுவது ஒன்று. சொல்லைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது இன்னொன்று, வேகமான பாட்டில் அது நன்றாகவே இருக்கும். பாடகரே வேறு சொல் போட்டுத் திரும்பப் பாடியது கிடைத்தால் யோசிக்காமல் எடு. சீலோ கிரீனின் 2010 பாட்டுக்கு வானொலியில் ஓடியது 'ஃபர்கெட் யூ' என்று அவரே பாடிய வெர்ஷன். அதைப் போட்டு யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. பிளாக் ஐட் பீஸ் 2004இல் என்.பி.ஏ. கூடைப்பந்து பிளேஆஃப் விளம்பரத்துக்காக மாற்றிப் பாடிய 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்ட்டட்'டையும் பார். முதல் வந்த வடிவத்தின் தலைப்பு இப்போது பல பேருக்கு ஞாபகமே இல்லை.

நான்காவது வகை, சொல்லின் மேல் ஒரு சத்தத்தை ஒட்டுவது: ஸ்க்ராட்ச், லேசர், துவக்கு வெடி. துவக்கு வெடி ஒட்டிய எடிட்டை நான் தமிழ் ஹோலில் போடுவதில்லை. முன் மேசை மாமாமார் ஏன் இந்த நாட்டுக்கு வந்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. 12 இஞ்ச் சப்வூஃபரில் அந்தச் சத்தம் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். ஒரு கெட்ட வார்த்தையை மறைக்க அதைவிட மோசமான சத்தத்தை ஏன் போட வேண்டும்?

மே 4, கொஞ்சம் பிந்தி

மேலே எழுதியதைப் பார்த்து ஒருவர், அப்போ பாடகி எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைப் போடுவாயா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதன் கோரஸில் வெடிச் சத்தமும் காசுப் பெட்டி திறக்கும் சத்தமும்தான் பாட்டே. எம்டிவி அந்த வெடியை மழுப்பி ஒளிபரப்பியபோது அவர் சும்மா இருக்கவில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார். அந்தப் பாட்டை நான் போடுவேன். வெடி எங்கே வரும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும், கைகளைத் தூக்கிக்கொண்டு காத்து நிற்கிறார்கள். எதிர்பாராமல் வரும் சத்தம் வேறு, காத்திருந்து வரும் சத்தம் வேறு.

அப்புறம், ரேடியோ எடிட் என்று போட்டிருந்தால் கிளீன் என்று நினைத்துவிடாதே. நீளத்தை மட்டும் குறைத்த ரேடியோ எடிட்டுகள் ஏராளம்.

மே 6

"கிளீன் போட்டால் தளம் செத்துப்போகும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை.

குரலை எடுத்துவிட்ட எடிட்டில் தளம் சாகாது, நேர்மாறாகத்தான் நடக்கும். பாட்டில் ஓட்டை விழும் இடத்தில் இருநூறு பெடியள் அந்தச் சொல்லைத் தாங்களே கத்துவார்கள். ஸ்பீக்கர் சொல்லியிருந்தால் பாட்டோடு பாட்டாகப் போயிருக்கும், இப்போது ஹோலே சேர்ந்து சொல்கிறது. வீடியோக்காரர் கமெராவைத் தளத்துக்குத் திருப்பி வைத்திருப்பார். கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் தம்பி அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொல்வது நிரந்தரமாகப் பதிவாகிவிடும். ஹுக்கிலேயே, திரும்பத் திரும்ப வரும் வரியிலேயே, சொல் இருக்கிற பாட்டென்றால் வெற்று ஓட்டை விட்ட எடிட்டை எடுக்காதே. திருப்பிப் போட்டதைத் தேடு, இல்லையென்றால் திரும்பப் பாடியதைத் தேடு.

உண்மையில் தளம் சாவது எப்போது? மூன்று சொல்லுக்கு ஒரு சொல் வெட்டின பாட்டில். வரியும் இருக்காது, அர்த்தமும் இருக்காது, டிரம்ஸின் ஹை-ஹட் மட்டும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டுக்குக் கிளீனும் வேண்டாம் டர்ட்டியும் வேண்டாம், வேறு பாட்டுப் போடு. இதைச் சொன்னால் புதுப் பெடியளுக்குக் கோபம் வருகிறது. அதே டெம்போவில் நூறு பாட்டு இருக்கும்போது இந்த ஒன்றுக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கறுப்பினத்தவர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும், மற்றவர் சொன்னால் ஏச்சாகும், ஆங்கில N எழுத்தில் தொடங்கும் அந்த 'என்' சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளீன் பக்கம் நான் சாய்வதற்கு முதல் காரணமே அதுதான், மற்றவையெல்லாம் பிறகு. எங்கள் பெடியள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு, தாங்களும் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். அதே ஹோலில் மாப்பிள்ளையின் வேலைத்தள நண்பர்கள் என்று ஒரு மேசை இருக்கும், பரிமாறும் ஊழியர்கள் இருப்பார்கள், வாசலில் செக்யூரிட்டி நிற்பார். அவர்களில் கறுப்பினத்தவர் இருப்பார்கள். நானூறு தமிழர் சேர்ந்து அந்தச் சொல்லைக் கத்துவதை அவர்கள் கேட்டுக்கொண்டு கிளாஸ் பொறுக்க வேண்டும். 2018இல் அலபாமாவில் ஒரு விழாவில் ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் ஒரு வெள்ளை ரசிகையை மேடைக்கு அழைத்துத் தன் பாட்டைப் பாடவிட்டார். அவர் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாட, லமார் பாட்டை நிறுத்தி அதைச் சொல்லக்கூடாது என்றார். பாட்டை எழுதியவர் மேடையில் இருந்தபோதே அந்த நிலைமை.

இந்த விஷயத்தில் பதினொரு மணிக் கணக்கு எனக்குக் கிடையாது. விடிய ஒரு மணியானாலும் ஒன்றுதான்.

மே 9

பதினொரு மணி விதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இரவு ரிசெப்ஷனுக்குத்தான் அது சரிவரும். அங்கேயும் முழுதாக இல்லை: பதினொரு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை. இரண்டு கதிரையை முகத்துக்கு முகம் சேர்த்து, அம்மாவின் சால்வையைப் போர்த்திப் படுக்க வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் பக்கத்துச் சுவரோரம். நித்திரையில் இருக்கிற பிள்ளைக்குச் சொல் கேட்காது, சரி. எழும்பி நிற்கிற ஒன்பது வயசுக்காரன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

சாமத்திய வீட்டில் விதி அப்படியே தலைகீழாகிவிடும். சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. தகப்பன் வந்து "தம்பி, நல்ல பாட்டாப் போடுங்கோ, குடும்பம் எல்லாம் வருது" என்பார். அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையின் பெரியம்மா மகள் ஃபோனில் ஒரு பிளேலிஸ்ட் அனுப்புவாள். திறந்து பார்த்தால் வரிசையாகப் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில், கெட்ட வார்த்தை உண்டு என்று காட்டும் அந்தச் சின்ன 'ஈ' (E) பெட்டி. காசு தருகிறவர் தகப்பன், விழா அந்தப் பிள்ளைக்கு, ஆடப்போவது அவளின் வகுப்புப் பிள்ளைகள். நான் என்ன செய்வேன் என்றால், பட்டியலில் கிளீன் நன்றாக இருக்கிற பாட்டுகளை எடுத்துக்கொண்டு, மற்றதற்கு அதே பாடகரின் வேறு பாட்டுப் போடுவேன். பிள்ளைகள் கோபிப்பதில்லை. தங்கள் ஆளின் குரல் வந்தால் போதும் அவர்களுக்கு. கோபிப்பது இருபது வயது மச்சான்மார்தான், அதுவும் தங்களுக்காக.

ஆகவே விதியைத் திருத்திக்கொள்கிறேன்: மணியைப் பார்க்காதே. தளத்தில் நிற்கும் ஆக இளைய ஆளைப் பார்.

மே 10

ஒருவர் "இந்தக் கிளீன் கலாசாரமே பாசாங்கு, எண்பதுகளில் அமெரிக்க அரசியல்வாதிகளின் மனைவிமார் தொடக்கி வைத்தது" என்கிறார். தொடக்கம் சரி. 1985இல் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் தன் மகளுக்கு வாங்கிய பிரின்ஸ் இசைத்தட்டில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து பி.எம்.ஆர்.சி. என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் செனட்டில் விசாரணை நடந்தது. பெற்றோருக்கான எச்சரிக்கை லேபிளுக்கு இசை நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. இப்போது நாம் காணும் கறுப்பு வெள்ளைப் பெட்டி 1990இல் வந்தது. அது சட்டமே இல்லை, நிறுவனங்கள் தாங்களாக ஒட்டுவது. ஆனால் வால்மார்ட் போன்ற பெரிய கடை லேபிள் ஒட்டியதை விற்க மறுத்ததால் கிளீன் பதிப்பு தனிச் சரக்காகவே தயாரானது. ஆக, பாசாங்கு பாதி, வியாபாரம் பாதி.

டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவினர் அந்த வியாபாரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். 1989இல் ஒரு ஆல்பத்தை விட்டு, அதற்குக் கிளீன் பதிப்பும் தனியாக விட்டார்கள். டர்ட்டி ஆல்பத்தை 1990இல் ஃப்ளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆபாசம் என்று தீர்த்தார், விற்ற கடைக்காரரைக் கைது செய்தார்கள். 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு போயிற்று.

கனடாக் கதை இன்னும் வேடிக்கை. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவின் 1985ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் ஓரினச் சேர்க்கையாளரைப் பழிக்கும் சொல் வருகிறது. நியூஃபவுண்ட்லாந்து நிலையம் ஒன்றில் அதைக் கேட்டவர் புகார் கொடுக்க, 2011 ஜனவரியில் ஒலிபரப்புத் தர நிர்ணய சபை அந்த வடிவத்தை வானொலியில் போடக்கூடாது என்றது. எட்மன்டனிலும் ஹாலிஃபாக்ஸிலும் இரண்டு நிலையங்கள் கோபத்தில் வெட்டாத வடிவத்தை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டன. ஆகஸ்டில் சபை மீண்டும் பார்த்து, நிலையங்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. கால் நூற்றாண்டு எல்லோரும் கேட்ட பாட்டு. உன் லைப்ரரியில் "பழைய பாட்டு, பிரச்சினை இல்லை" என்று வைத்திருப்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்.

மே 13

இவ்வளவு எழுதியும் முக்கியமானதைத் தொடவில்லை. ஆங்கிலப் பாட்டுக்குக் கிளீன் இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு?

ரெக்கார்ட் பூலில் குத்துப் பாட்டுக்குக் கிளீன் என்று ஒன்று நான் கண்டதில்லை. இந்தியாவில் சென்சார் படத்துக்குத்தான், தனியாக வெளிவரும் ஆடியோவுக்கு இல்லை. 'லியோ'வின் 'நா ரெடி'யில் குடி பற்றிய வரிகள் படத்தில் வெட்டுப்பட்டன. படத்துக்கு முதலே வெளிவந்த பாட்டு முழுதாக எல்லோர் ஃபோனிலும் இருந்தது. ஹோலில் நாம் போடுவது அதைத்தான்.

இங்கேதான் உன் முதல் கேள்வி திரும்பிப் பாயும் தம்பி. ஆங்கிலப் பாட்டில் பெரிய ஆட்கள் எதைப் பிடிப்பார்கள் என்று கவலைப்படுகிறாய். தமிழ்ப் பாட்டில் இரட்டை அர்த்தத்தை முதலில் பிடிப்பது அன்ரிமார்தான், பெடியள் ஒன்றும் தெரியாமல் கூடப் பாடிக்கொண்டிருப்பார்கள். அதில் கெட்ட வார்த்தை என்று ஒன்றுமே இருக்காது. மாம்பழம், ஊஞ்சல், பூட்டு, சாவி. இதை எந்த மென்பொருள் வெட்டும்? ஆனால் அதே அன்ரிமார் அதே பாட்டுக்குக் கை தட்டி ஆடுவதையும் பார்த்திருக்கிறேன், ஆகவே அவர்களுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பெண்ணை இழிவாக ஏசுகிற பாட்டா, சாதிப் பெருமை பேசுகிற பாட்டா? அவை என் பாட்டுப் பெட்டியிலேயே இல்லை. யாராவது வந்து கேட்டால் "இருக்கு அண்ணா, பிறகு போடுறன்" என்று சொல்வேன். பிறகு வராது.

2015 டிசம்பரில் இணையத்தில் கசிந்த 'பீப் பாட்டு' ஞாபகம் இருக்கும். சொல்லின் மேல் பீப் போட்டிருந்தும் போலீஸ் வழக்கு வரை போனது. பீப் எதையும் மறைக்கவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் காட்டியது.

மே 14

ராப் பாடகர் ட்ரேக்கைத் திட்டி கென்ட்ரிக் லமார் பாடிய 'நாட் லைக் அஸ்'ஸைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள் என்று தெரியும். 2024 மே மாதம் வந்தது, 2025இல் ஐந்து கிராமி. 2025 பெப்ரவரியில் சூப்பர் போல் மேடையில் பாடும்போது அவரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாடினார். ஆனால் ஹோல் முழுக்கக் கத்தும் வரி அதுவல்ல, 'ஏ மைனர்' என்ற இசைச் சுருதியின் பெயரை வைத்து அவர் போட்ட சிலேடை. அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை என்பதால் கிளீனிலும் முழுசாக நிற்கிறது. எங்கள் குத்துப் பாட்டுக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான், இவருக்குக் கிராமி கொடுத்தார்கள்.

ரொறன்ரோவில் வேறு சிக்கல். திட்டு வாங்குகிறவர் ட்ரேக், இந்த ஊர்ப் பிள்ளை. அந்தப் பாட்டைப் போட்டால் பாதித் தளம் துள்ளும், மீதிப் பாதி பாருக்குப் போகும். நான் போடுவதில்லை. கொள்கை ஒன்றுமில்லை, தளம் பாதியாவது பிடிக்காது.

மே 18

கருவி பற்றிக் கேட்டவர்களுக்கு.

செராட்டோ என்ற டிஜே மென்பொருளில் சென்சர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கிப் பிடித்திருக்கும் வரை பாட்டு பின்னோக்கி ஓடும், விட்டதும் இடையில் ஒன்றுமே நடக்காததுபோல உரிய இடத்தில் வந்து சேரும். பயனியர் கருவிகளில் ஸ்லிப் ரிவர்ஸ் என்று இருக்கும். சொல் வருவதற்கு அரை பீட் முன்னால் அமுக்க வேண்டும், அதற்குப் பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். முழுப் பாட்டையும் இப்படி ஓட்டப் பார்க்காதே. ஓர் இடம், இரண்டு இடம் என்றால் சரி. சொல்லுக்கு முன்னால் ஒரு சிவப்பு ஹாட் கியூ (இடத்தைக் குறிக்கும் அடையாளம்) போட்டு வைத்தால் அலைவடிவத்தில் அது வருவது கண்ணுக்குத் தெரியும்.

செராட்டோவில் 2022 கடைசியில் வந்த ஸ்டெம்ஸ் வசதியில் குரலை மட்டும் தூக்கிவிடலாம். அது மறுபடியும் ஓட்டை தான், சனம் கத்தும். மே 6இல் சொன்னதைப் பார்.

கிளீன் ஃபைலின் பெயரை நம்பாதே. ஹெட்ஃபோனில் முழுதாகக் கேள், இரண்டாவது வெர்ஸை விசேஷமாக. வெட்டுகிறவர்கள் முதல் வெர்ஸில் கவனமாக இருப்பார்கள், விருந்தினர் பாடகர் வரும்போது களைத்துவிடுவார்கள். பின்னணியில் கத்தும் குரல்களையும் பாட்டு முடியும் இடத்தில் வரும் பேச்சையும் கேள். பூலில் கிளீன் என்று போட்டு உள்ளே டர்ட்டி இருந்த ஃபைலும் எனக்குக் கிடைத்திருக்கிறது. கேட்டு முடித்ததுக்குப் பச்சை நிறம், டர்ட்டிக்குச் சிவப்பு, இன்னும் கேட்காததுக்கு மஞ்சள். ஹோலில் மஞ்சளைத் தொடுவதில்லை.

இன்னொன்று. கிளீனும் டர்ட்டியும் ஒரே நீளமாக இருந்தால் ஹாட் கியூக்களை இரண்டிலும் ஒரே இடத்தில் போட்டு வை. ஒன்று ஓடும்போது மற்றதை அடுத்த டெக்கில் அதே பீட்டில் சேர்த்து ஓட விடலாம். நடு இரவில் யாராவது மகளைத் தூக்கிக்கொண்டு தளத்துக்கு வந்தால் ஒரு டெக்கிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை மெல்லத் தள்ளினால் போதும். மாறியது ஒருவருக்கும் தெரியாது. தொடக்கத்தில் பீட் சேர்த்த இன்ட்ரோ எடிட்டில் முதல் பீட் தள்ளி இருக்கும் என்பதால் அதோடு இதைச் செய்யாதே.

மே 19

இலங்கை ஆட்டப் பாட்டான பைலா பற்றி ஒரு குறிப்பு. எங்கள் ரிசெப்ஷனில் பைலா இல்லாமல் முடியாது, பாதிப் பாட்டு சிங்களம். வரி எனக்கு விளங்காது, ஆடுகிறவர்களிலும் பாதிப் பேருக்கு விளங்காது. கொழும்பில் வேலை செய்த ஒரு மாமா கிளாஸோடு வந்து என் காதில் ஒரு பாட்டின் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, "ஆனா நிப்பாட்டாதை" என்று சொல்லிப் போனார். நிப்பாட்டவில்லை. அந்தப் பாட்டைச் சாமத்திய வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை.

மே 24

கேள்வி கேட்ட தம்பி மாப்பிள்ளையின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். பன்னிரண்டு ராப் பாட்டில் எட்டுக்குக் கிளீன் நன்றாகவே இருக்கிறது, அதை எடு. இரண்டை விட்டுவிடு, ஓட்டைதான் மிச்சம். மற்ற இரண்டும் டர்ட்டியாகவே இருக்கட்டும், பொம்பிளையும் மாப்பிள்ளையும் உடுப்பு மாற்றி வந்து கடைசி அரை மணி நேரம் நண்பர்களோடு ஆடும்போது போடலாம். 'என்' சொல் அவை இரண்டிலும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்டிருக்கிறாய் போலிருக்கிறது. பொம்பிளையிடமும் கேள். காசு கொடுப்பது எந்தத் தகப்பன் என்று விசாரித்து அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை. முதல் நடனப் பாட்டையும் கடைசி நொடி வரை கேட்டுப் பார். காதல் பாட்டுத்தானே என்று யாரும் அதைக் கேட்பதில்லை, பிரிட்ஜில் ஒரு சொல் நிற்கும்.